போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டுகள்: எது கூட்டல் கணக்கு, எது பெருக்கல் கணக்கு?

கையில் ஒரு லட்சம் ரூபாய். ஐந்து வருஷத்துக்கு அதைத் தொடப்போவதில்லை. தபால் அலுவலகக் கவுன்ட்டரில் மூன்று படிவங்கள் கிடைக்கின்றன: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம், ஐந்து வருஷ டைம் டெபாசிட் 7.5 சதவீதம், தேசிய சேமிப்புப் பத்திரம் 7.7 சதவீதம். மூன்றும் ஐந்தாவது வருஷம்தான் முதிர்கின்றன. எதில் அதிகம் சேரும்?

பார்க்க எட்டாம் வகுப்பு வட்டிக் கணக்கு மாதிரிதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் 8.2 என்ற எண்ணைப் பார்த்ததும் பதிலைச் சொல்லிவிடுவார்கள். வட்டியையும் தொடாமல் விட்டால் சரியான பதில் 7.7. அந்த 8.2 நேர்கோட்டில் வளர்கிறது, 7.7 குட்டி போட்டு வளர்கிறது. ஒரே கட்டடத்தில், ஒரே கவுன்ட்டரில் இந்த இரண்டு வகைச் சரக்கும் பக்கத்தில் பக்கத்தில் விற்கப்படுகின்றன. எது எந்த வகை என்று முகப்பில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. இங்கே மதிப்பிடப்போவது அந்தச் சரக்குகளைத்தான். சொல்லியிருக்கும் விகிதங்கள் 2025-இல் நடப்பில் இருந்தவை. இந்த மூன்றும், மாத வருமானத் திட்டத்தின் 7.4, கிசான் விகாஸ் பத்திரத்தின் 7.5 ஆகியவையும் 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்டு அப்படியே தொடர்ந்தவை.

முதலில் ஒரு சொல் சிக்கலை அவிழ்த்துவிடுவது நல்லது. தமிழ்வழியில் படித்தவர்களைக் குழப்புவதற்கென்றே வைத்த மாதிரி இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தனிவட்டியில் வருஷா வருஷம் கிடைக்கும் மொத்தத் தொகையை வரிசையாக எழுதினால் அது கூட்டுத் தொடர்வரிசை: ஒவ்வொரு முறையும் ஒரே தொகை கூடுகிறது. கூட்டு வட்டியில் எழுதினால் அது பெருக்குத் தொடர்வரிசை: ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணால் பெருகுகிறது. ஆக, கூட்டு வட்டி என்பது கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாக்கியக் கணக்கில் 'கூட்டு' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டுத் தொடருக்குப் போய் மதிப்பெண்ணை விடுவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

இப்போது டைம் டெபாசிட்டுக்கு வருவோம். இந்தக் கவுன்ட்டரில் மிக அதிகமாகத் தப்பர்த்தம் செய்துகொள்ளப்படும் சரக்கு இதுதான்.

தபால் துறை தன் இணையதளத்தில் வெளியிடும் விகித அட்டவணையில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே வட்டி எத்தனை நாளுக்கு ஒரு முறை கூட்டப்படும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாத வருமானத் திட்டத்துக்கு நேரே 'மாதந்தோறும், வழங்கப்படும்' என்ற பொருளில் போட்டிருக்கும். மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 'காலாண்டுதோறும், வழங்கப்படும்'. இந்த 'வழங்கப்படும்' என்ற ஒரு சொல்தான் முழு விஷயமும். வழங்கிவிட்ட வட்டி கணக்கை விட்டு வெளியே போய்விடுகிறது. அது அசலோடு சேராது. டைம் டெபாசிட்டுக்கு நேரே வெறுமனே 'காலாண்டுதோறும்' என்று மட்டும் இருக்கும். அதைப் படிப்பவர், ஐந்து வருஷமும் காலாண்டுக்குக் காலாண்டு வட்டி அசலில் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி ஏறுவதில்லை. அதே வரியில் பத்தாயிரத்துக்கு வருஷ வட்டி 771 ரூபாய் என்று சின்னதாகக் குறித்திருப்பதுதான் துப்பு.

ஒரு லட்சத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வருஷத்துக்கு 7.5 என்றால் காலாண்டுக்கு 1.875 சதவீதம். முதல் காலாண்டில் 1,875 ரூபாய் சேர்ந்து 1,01,875. இரண்டாவதில் அதற்கு 1.875 சதவீதம், அதாவது 1,910 ரூபாய் சேர்ந்து 1,03,785. மூன்றாவதில் 1,946. நான்காவதில் 1,982. வருஷ முடிவில் 1,07,714. ஆக, அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள் வட்டி உண்மையிலேயே குட்டி போடுகிறது, 7.5 என்று சொல்லி 7.71 கொடுக்கிறார்கள். அதோடு சரி. வருஷம் முடிந்ததும் 7,714 ரூபாய் தனியே ஒதுக்கப்பட்டு, பரமபதத்தில் பாம்பு கொத்தின காய் மாதிரி கணக்கு மறுபடி ஒரு லட்சத்துக்கே இறங்கிவிடும். அடுத்த வருஷமும் அதே 7,714. ஐந்து வருஷத்துக்கு 38,568. வருஷத்துக்குள் வளைகோடு, வருஷங்களுக்கு இடையே நேர்கோடு. ஒதுக்கிய வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி கிடையாது என்று விதியும் இருக்கிறது.

இணையத்தில் உலவும் பல கால்குலேட்டர்களும் கட்டுரைகளும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பத்து லட்சத்தை ஐந்து வருஷ டைம் டெபாசிட்டில் போட்டால் 14,49,948 ரூபாய் கிடைக்கும் என்று போடுவார்கள். 1.01875-ஐ இருபது முறை பெருக்கி வந்த எண் அது. கணக்கில் பிழை இல்லை. திட்டத்துக்குப் பொருந்தாத கணக்கு, அவ்வளவுதான். வங்கி எஃப்.டி.யில் வட்டியை எடுக்காமல் சேர்க்கும் வகைக்கான சூத்திரத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். அதே பத்து லட்சத்துக்குத் தேசிய சேமிப்புப் பத்திரம் 14,49,034. உடனே, பத்திரத்தைவிட டைம் டெபாசிட் 914 ரூபாய் கூடுதல் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் டைம் டெபாசிட் கொடுப்பது 13,85,679. பத்திரம் 63,355 ரூபாய் முன்னால் நிற்கிறது. எந்தக் கால்குலேட்டரையும் நம்புமுன் ஒரு சோதனை: இரண்டாம் வருஷ வட்டி முதல் வருஷ வட்டியைவிட அதிகம் என்று காட்டினால் அது தபால் அலுவலக டைம் டெபாசிட்டுக்கான கால்குலேட்டர் அல்ல.

தேசிய சேமிப்புப் பத்திரம் இதற்கு நேர் எதிர். வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் வட்டி ஏறும், ஆனால் ஏறியது இறங்காது. முதல் வருஷம் 7,700. இரண்டாம் வருஷம் 1,07,700-க்கு வட்டி, அதாவது 8,293. பிறகு 8,931, 9,619, கடைசி வருஷம் 10,360. இதைச் சரிபார்க்கப் பள்ளியில் படித்த குறுக்குவழியே போதும்: இரண்டு வருஷத்தில் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம், அசல் பெருக்கல் விகிதத்தின் வர்க்கம். ஒரு லட்சம் × 0.077 × 0.077 = 593. தனிவட்டி 15,400, கூட்டு வட்டி 15,993. பொருந்துகிறது.

தொடக்கத்தில் கேட்ட மூன்றையும் இப்போது ஓடவிடலாம். ஒரு லட்சத்துக்கு அந்தந்த வருஷ முடிவு வரை சேர்ந்த வட்டி:

மூத்த குடிமக்கள் திட்டம்: 8,200 – 16,400 – 24,600 – 32,800 – 41,000
டைம் டெபாசிட்: 7,714 – 15,427 – 23,141 – 30,854 – 38,568
தேசிய சேமிப்புப் பத்திரம்: 7,700 – 15,993 – 24,924 – 34,544 – 44,903

முதல் வருஷ முடிவில் பத்திரம்தான் கடைசி. டைம் டெபாசிட்டைவிடப் பதினான்கு ரூபாய் குறைவு. இரண்டாம் வருஷத்தில் டைம் டெபாசிட்டைத் தாண்டிவிடுகிறது. மூன்றாம் வருஷத்தில் 8.2-ஐயும் தாண்டிவிடுகிறது. பள்ளிக் கணக்கில் 'எந்த வருஷத்தில் இரண்டாவது முதலாவதை முந்தும்?' என்று கேட்பது இந்த வெட்டுப்புள்ளியைத்தான். பலர் செய்யும் தவறு, முதல் இரண்டு வருஷ எண்களை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நேர்கோட்டுக்காரருக்கு மாலை போட்டுவிடுவது. பெருக்கல் வளர்ச்சி தொடக்கத்தில் நேர்கோடு மாதிரியேதான் வேஷம் போடும். முதல் வருஷத்தில் இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. தெரியவும் முடியாது, ஏனென்றால் குட்டி போட இன்னும் வட்டியே வந்திருக்காது.

ஆனால் மூத்த குடிமக்கள் திட்டத்தை இதோடு ஓரம்கட்டிவிடக் கூடாது. காலாண்டுக்கு ஒரு முறை லட்சத்துக்கு 2,050 ரூபாய் வெளியே வருகிறது. அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணக்கிலேயே எடுக்காமல் விட்டால் அந்தப் பணத்துக்கு ஒரு காசு வட்டி கிடையாது. ஐந்து வருஷ முடிவில் மேலே போட்ட 41,000 மட்டும்தான். அதே தபால் அலுவலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வட்டியை அதில் தானாக வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், அங்கே 4 சதவீதம் கிடைக்கிறது. அந்த அற்ப 4 சதவீதத்திலேயே ஐந்து வருஷத்தில் மொத்தம் 45,000-ஐத் தொட்டு, பத்திரத்துக்குச் சமமாக வந்துவிடும். ஆக, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதுதான் கவுன்ட்டரில் உள்ள நல்ல சரக்கு. உச்சவரம்பு 30 லட்சம். அவ்வளவும் போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய். வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும். சேமிப்புக் கணக்கில் அந்த மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி என்பதால், முதல் தேதி வரவு வீணாவதில்லை. சேமிப்புக் கணக்கு இணைக்காமல் திட்டத்தை மட்டும் தொடங்குவதுதான் பிழை. அந்த ஒரு படிவத்தின் விலை லட்சத்துக்கு நாலாயிரம் ரூபாய்.

மாத வருமானத் திட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இது சுத்தமான நேர்கோடு, தன்னை வேறெதுவாகவும் காட்டிக்கொள்வதும் இல்லை. தனிநபருக்கு 9 லட்சம், கூட்டுக் கணக்குக்கு 15 லட்சம் உச்சம். ஒன்பது லட்சத்துக்கு மாதம் 5,550. பதினைந்து லட்சத்துக்கு 9,250. மளிகைக்கோ மருந்துக்கோ மாதாமாதம் செலவாகப்போகிற பணம் என்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவாகாத பணத்தை இதில் போடுபவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்பது லட்சம், ஐந்து வருஷம். மாத வருமானத் திட்டத்தில் 60 × 5,550 = 3,33,000. பத்திரத்தில் 4,04,130. வித்தியாசம் 71,130. இதில் விகித வேறுபாட்டின் பங்கு எவ்வளவு, குட்டி போட்டதன் பங்கு எவ்வளவு? பத்திரமும் தனிவட்டியாகவே இருந்திருந்தால் 7.7 சதவீதத்தில் 3,46,500 கிடைத்திருக்கும். ஆக 7.4-க்கும் 7.7-க்கும் உள்ள இடைவெளியால் வந்தது 13,500 மட்டுமே. மிச்சம் 57,630 ரூபாயும் வட்டிக்கு வட்டி. வட்டி விகிதப் பலகையில் நாம் ஒப்பிட்டுக்கொண்டு நிற்பது அந்தச் சின்ன 0.3-ஐ. பெரிய தொகை பலகையிலேயே இல்லை.

இதற்கு மாற்றாக ஏஜென்ட்டுகள் ஒரு ஜோடியை முன்வைப்பார்கள்: மாத வட்டியை அப்படியே ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் தவணை கட்டும் தொடர் வைப்பில், கட்டுவது. மோசமான யோசனை அல்ல. ஐந்து வருஷ ஆர்.டி. 6.7 சதவீதம், காலாண்டுக்கு ஒரு முறை அசலில் ஏறுவது. மாதம் 10,000 கட்டினால் 7,13,659 கிடைக்கும். அந்த விகிதத்தில் மாதம் 5,550 கட்டினால் 3,96,081. ஒன்பது லட்சத்தோடு சேர்த்து 12,96,081. பத்திரம் 13,04,130. நேர்கோட்டை வளைத்துப் பெருக்கலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டோம். எட்டாயிரம் ரூபாய்தான் குறை. நடைமுறையில் உறுத்தும் இடங்கள் இரண்டு. முதல் மாத வட்டி வந்த பிறகுதான் ஆர்.டி.யின் முதல் தவணை கட்ட முடியும், அதனால் ஆர்.டி. ஒரு மாதம் பின்தங்கி முடியும். இரண்டாவது, தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். இடையில் உள்ள சேமிப்புக் கணக்கில் இருப்புக் குறைந்து தானியங்கிப் பிடித்தம் நின்றுபோவதுதான் இதற்கு வழக்கமான காரணம். நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கே தொடராமல் நிற்கும், பிறகு உயிர்ப்பிக்க வேண்டும். மாத வருமானமும் வேண்டும், தேவைப்படாத மாதங்களில் சேரவும் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பொருந்தும். வெறுமனே சேர்ப்பதற்கு இத்தனை சுற்று எதற்கு?

கிசான் விகாஸ் பத்திரம் கணக்கு ஆசிரியர்களுக்குப் பிடித்தமான சரக்காக இருக்க வேண்டும். பெயரில் விவசாயி இருந்தாலும் யாரும் வாங்கலாம். சதவீதத்தைச் சொல்லாமல் 'இத்தனை மாதத்தில் இரண்டு மடங்கு' என்று சொல்லி விற்கப்படுவது இது ஒன்றுதான். பெருக்கல் வளர்ச்சியின் அடையாளமே இரட்டிக்கும் காலம். இப்போது 7.5 சதவீதம், 115 மாதம். அந்த 115 எங்கிருந்து வருகிறது? 1.075-ஐ ஒன்பது முறை பெருக்கினால் 1.9172. மீதி ஏழு மாதத்துக்குத் தனிவட்டியாக 4.375 சதவீதம் சேர்த்தால் 2.0011. ஒரு மாதம் முன்னால், 114-இல், 1.9891 மட்டுமே, இரண்டைத் தொடவில்லை. ஆகவே 115.

இன்னும் சுருக்கமான வழி 72-ஐ விகிதத்தால் வகுப்பது. 72 ÷ 7.5 = 9.6 வருஷம், அதாவது 115.2 மாதம். இந்தப் பத்திரத்தின் பழைய வரலாற்றிலேயே இந்த விதியைச் சோதித்துக்கொள்ளலாம். 1988 ஏப்ரலில் வந்தபோது ஐந்தரை வருஷத்தில் இரட்டித்தது. அது வருஷத்துக்கு 13.4 சதவீதம். 2011-இல் நிறுத்தி, 2014 நவம்பரில் மறுபடி கொண்டுவந்தபோது 8.7 சதவீதத்துக்கு 100 மாதம், விதிப்படி 99. 2020 ஏப்ரலில் 6.9-க்கு 124 மாதம், விதிப்படி 125. விகிதம் பத்தைத் தாண்டினால் விதி கொஞ்சம் அவசரப்படும்: 13.4-க்கு 64 மாதத்துக்குச் சற்று மேல் என்று காட்டும், உண்மை 66. மனக்கணக்குக்கு இது போதும். தனிவட்டிக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே 100-ஐத்தான் வகுக்க வேண்டும். 7.5 சதவீதத் தனிவட்டியில் ஒரு லட்சம் இரண்டு லட்சமாக 160 மாதம் பிடிக்கும். 45 மாத வித்தியாசம்.

வாங்கலாமா? விகிதத்தில் தேசிய சேமிப்புப் பத்திரத்தைவிட 0.2 குறைவு. கணக்குக்காக 7.7-ஐ அதே 115 மாதம் ஓடவிட்டால் 2,03,715 வரும், இங்கே 2,00,000. அந்த 3,700 ரூபாய்க்கு இரண்டு வசதிகள் கிடைக்கின்றன. ஒன்று, இன்றைய விகிதம் ஒன்பதரை வருஷத்துக்கும் மேல் பூட்டப்படுகிறது. ஐந்தாவது வருஷம் முதிரும் பத்திரத்தை அன்றைய விகிதத்தில்தான் மறுபடி போட முடியும். மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை விகிதத்தை அறிவிக்கிறது. இரண்டாவது வசதி, வாங்கி இரண்டரை வருஷம் ஆன பிறகு எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். தேசிய சேமிப்புப் பத்திரத்தில் அது முடியாது. கணக்குதாரர் இறந்தாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோ அடமானம் பிடித்தவர் பறிமுதல் செய்தாலோ தவிர ஐந்து வருஷமும் கதவு சாத்தியே இருக்கும். விகிதங்கள் இறங்குமுகத்தில் இருக்கும்போது கிசான் பத்திரம் மலிவான பூட்டு. வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்களுக்கு உதவாது. இதற்கு வருமான வரியில் 80சி கழிவு கிடையாது.

இரண்டு பத்திரத்துக்கும் பொதுவான ஒரு யோசனை: மூன்று லட்சத்தை ஒரே கணக்காகப் போடாமல் மூன்று ஒரு லட்சங்களாகப் போடுங்கள். குறைந்தபட்சம் 1,000 ரூபாய், அதற்கு மேல் நூறின் மடங்குகள். எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒரு பகுதியை மட்டும் உடைக்க வழியில்லை. தனித்தனியாக இருந்தால் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் வங்கியில் அடமானம் வைக்கலாம், கிசான் பத்திரமானால் ஒன்றை மட்டும் முடிக்கலாம். மற்றவற்றின் வளைகோடு அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும். பெருக்கல் வளர்ச்சியில் நடுவில் அறுப்பதன் விலை அதிகம், ஏனென்றால் பலன் எல்லாம் கடைசியில் இருக்கிறது. தேசிய சேமிப்புப் பத்திரத்தின் ஐந்து வருஷ வட்டி 44,903-இல் கடைசி ஒரு வருஷம் மட்டும் 10,360.

டைம் டெபாசிட்டில் இந்த அறுப்பு இன்னும் வலிக்கும். 2023 நவம்பரில் திருத்திய விதிப்படி ஐந்து வருஷ டெபாசிட்டை நான்கு வருஷம் முடியும் வரை மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கு விகிதம்தான், அதாவது 7.5 போய் 4. நேர்கோட்டு வளர்ச்சிக்கு இவ்வளவு கெடுபிடி நியாயமே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, பள்ளிக் கட்டணத்துக்கோ காப்பீட்டு பிரீமியத்துக்கோ குறிப்பிட்ட தேதியில் ஒரு தொகை வேண்டும் என்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் ஐந்து வருஷ டைம் டெபாசிட்டைப் பரிந்துரைக்க முடியவில்லை. மாத வருமானத் திட்டம்கூட இதைவிடத் தேவலை: ஒரு வருஷம் கழிந்தால் அசலில் 2 சதவீதம், மூன்று வருஷம் கழிந்தால் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதி தனிக் கட்டுரைக்கு உரியது. ஆனால் ஐந்து வருஷக் கணக்கில் வளைவு சரியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பவர்களுக்கு ஒரு எண்: வருஷம் ஒன்றரை லட்சம், 7.1 சதவீதம். பதினைந்து வருஷத்தில் 40,68,209; அதில் வட்டி 18 லட்சம். ஐந்தைந்து வருஷமாக இரண்டு முறை நீட்டித்து, கட்டிக்கொண்டே போனால் இருபத்தைந்தாவது வருஷம் 1,03,08,015. கடைசிப் பத்து வருஷத்தில் கட்டியது 15 லட்சம், வந்த வட்டி 47 லட்சம். ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள்; தாண்டினால் அந்த மாதத்துக்கு ஒன்றரை லட்சத்தின் வட்டி 887 ரூபாய் போய்விடும், அதோடு அது இனிப் போட இருந்த குட்டிகளும்.

வீட்டுக் கடன் கணக்குக்கும் கைமாற்றுக் கணக்குக்கும் இதே கண்ணாடியை மாட்டிப் பார்க்கலாம். ஊரில் 'நூற்றுக்கு இரண்டு வட்டி' என்றால் மாதம் நூறுக்கு இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். (அதே அளவுகோலில் சேமிப்புப் பத்திரம் நூற்றுக்கு 64 காசு வட்டி.) மாதாமாதம் வட்டியைக் கட்டிவிட்டால் அது நேர்கோடு. கட்டாமல் விட்டு, வருஷத்துக்கு ஒரு முறை புரோநோட்டைப் புதுப்பிக்கும்போது பாக்கி வட்டியை அசலோடு சேர்த்து எழுதிக்கொண்டால் அந்த நிமிஷமே கோடு வளைந்துவிடுகிறது. ஒரு லட்சம் மூன்று வருஷத்தில் 1,72,000 ஆவதற்குப் பதிலாக 1,90,662. விகிதம் மாறவே இல்லை. அதே இரண்டு வட்டிதான்.

எந்தச் சரக்கு எந்த வகை என்று கண்டுபிடிக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். இரண்டு வருஷ வட்டியைக் கேளுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பூஜ்யம் வந்தால் நேர்கோடு. பூஜ்யம் வராவிட்டால் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்: 8,293 ÷ 7,700 = 1.077. அடுத்த ஜோடியும் 8,931 ÷ 8,293 = 1.077. வகுத்த ஈவு மாறாமல் இருந்தால் பெருக்கல். வாக்கியக் கணக்கில் திணறும் பிள்ளைகளுக்கும் இதே சோதனைதான், 'கழித்துப் பார், வகுத்துப் பார்'. ஆர்.டி., பி.பி.எஃப். போல வருஷா வருஷம் புதுப் பணம் போடும் திட்டங்களில் இது நேராக வேலை செய்யாது. அங்கே வட்டி பெருகுவதோடு அசலும் கூடிக்கொண்டிருக்கும், ஈவு வருஷத்துக்கு வருஷம் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்க மளிகைக் கடை மேசைக் கால்குலேட்டர் போதும். சாதாரணக் கருவியில் 1.077, பிறகு ×, பிறகு = நான்கு முறை; 1.449 வரும். காசியோ மேசைக் கருவியானால் × பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும், திரையில் சின்னதாக ஒரு அடையாளம் தோன்றும், பிறகு = நான்கு முறை. ஐந்து முறை அழுத்திவிடுவது எல்லாருக்கும் நேர்கிற பிழை. அது ஆறு வருஷக் கணக்கு. செல்போனில் பல செயலிகளில் இந்த வசதி இல்லை, அங்கே போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் கிடைக்கும்.

வரி விஷயத்தில் ஒன்று மட்டும். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டி கைக்கு வராவிட்டாலும் வருஷா வருஷம் வருமானமாகக் காட்டிக்கொண்டு வருவது நல்லது. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் முதல் நான்கு வருஷ வட்டியை மறுமுதலீடாக 80சி-யில் கழித்துக்கொள்ளலாம். கடைசி வருஷத்து 10,360-க்கு அந்தச் சலுகை இல்லை. ஐந்து வருஷமும் காட்டாமல் விட்டு முதிரும்போது 44,903-ஐயும் ஒரே வருஷத்தில் காட்டினால், பெரிய தொகை போட்டவர்களுக்கு வரி அடுக்கு ஒரு படி ஏறிவிடக்கூடும்.

கவுன்ட்டருக்குப் போகும்போது ஆதார், பான், ஒரு புகைப்படம், அதே அலுவலகச் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக். சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் 500 ரூபாயோடு முதலில் அதைத் தொடங்கிவிட்டு மற்றதைக் கேளுங்கள். படிவத்தில் வட்டி வரவு வைக்க வேண்டிய கணக்கு எண் என்று ஒரு வரி இருக்கும். அதைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்புக் கைக்கு வந்ததும் திட்டத்தின் பெயரையும் முதிர்வுத் தேதியையும் முதிர்வுத் தொகையையும் அங்கேயே நின்று பாருங்கள். தேசிய சேமிப்புப் பத்திரம் கேட்டிருந்து, ஒரு லட்சத்துக்கு 1,44,903 என்று இருந்தால் கேட்டது கிடைத்திருக்கிறது. முதிர்வுத் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். முதிர்ந்து மூன்று வருஷமாகியும் மூடாத கணக்குகளை முடக்கிவிடுகிறார்கள், பிறகு திறக்க மறுபடி அடையாளச் சான்றுகளோடு அலைய வேண்டும்.